தவக்காலத்துச் சாம்பியன்

முகத்துவாரத்தானே,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு எழுத்தை நிமிர்த்தி வைத்தால் அடுத்தது கோட்டை விட்டு இறங்கிவிடுகிறது. இந்த இரண்டு வரிக்கே அரை மணித்தியாலம் போய்விட்டது. ஆயுள் முழுக்கத் துறைமுகத்தில் மூடைக் கொக்கியைப் பிடித்த விரல்கள் பேனையையும் அப்படியே பிடிக்கின்றன. "பேனையைக் கொல்லாதீங்க ஐயா, அது எங்கயும் ஓடாது" என்று டீச்சர் சொல்கிறார். ஆனாலும் இது என் கை எழுதுவது. வேறு யாரும் எழுதித் தரவில்லை. எங்கே கையொப்பம் கேட்டாலும் பெருவிரலை நீட்டினவன் எழுதுகிறேன், பார்.

பின்னேரங்களில் நீ பேப்பர் வாசிப்பாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ போன பிறகு உலகத்தில் என்ன நடக்கிறது என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. வீட்டில் இருப்பவர்கள் போனைப் பார்த்துச் செய்தி சொல்வார்கள். ஆனால் உன்னைப் போல ஒவ்வொரு செய்திக்கும் நாலு ஏச்சு வைத்து வாசிக்க அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் கொட்டாஞ்சேனையில் கோயில் மண்டபத்தில் நடக்கிற முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். எட்டுப் பெண்கள், நான் ஒருத்தன். 'அ'வில் தொடங்கி இப்போது கடிதம் எழுதுகிற இடத்துக்கு வந்திருக்கிறோம். மற்றவர்கள் கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுகிறார்கள்.

போன கிழமை சந்தியில் இறால் வடை வாங்கினேன். பேப்பர்த் தாளில் சுற்றித் தந்தான். முன்பென்றால் வடையைத் தின்றுவிட்டுத் தாளைக் கசக்கி எறிந்திருப்பேன். இப்போது எழுத்தைக் கண்டால் விட முடிவதில்லை. எண்ணெய் ஊறியதால் எழுத்துகள் மினுமினுத்துக்கொண்டிருந்தன. மதிலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன். "பலமான எதிரிகளைத் தவிர்க்கிறாரா சாம்பியன்?" இதுதான் தலைப்பு. குத்துச்சண்டைச் செய்தி! பாரம் கூடிய பிரிவு. நம்முடைய பிரிவு. நான் முழுதாக வாசித்த முதல் தலைப்பு இதுதான் என்றால் நம்புவாயா? சந்தோஷத்தில் வடைக்காரனைக் கூப்பிட்டு அவனுக்கும் வாசித்துக் காட்டினேன். "அங்கிள், வடை ஆறுது" என்றான்.

அந்தச் சாம்பியனின் பெயரை என்னால் கூட்ட முடியவில்லை. எல்லா எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. ஆனால் விசயம் விளங்கியது. ஒருவன் இரண்டு வருடமாக அவனைச் சண்டைக்கு அழைத்துக்கொண்டிருக்கிறான். சாம்பியன் மாட்டேன் என்று ஒருபோதும் சொல்லவில்லை. கை நோகிறது என்கிறான், இந்த மாதம் வேண்டாம் என்கிறான், அந்த ஊர் வேண்டாம் என்கிறான். உண்மையில் தவிர்க்கிறானா இல்லையா என்று எழுதியிருந்த அடிப்பகுதி கிழிந்து போயிருந்தது.

எனக்கு அது தேவைப்படவில்லை. எழுத்துக் கூட்டும்போது இருந்த சந்தோஷம், பொருள் விளங்கியபோது அப்படியே போய்விட்டது. இந்த வயதிலும், நீ மண்ணுக்குள் போன பிறகும், சுற்றுமுற்றும் பார்த்தேன், யாராவது என்னைக் கவனிக்கிறார்களா என்று.

இப்படிச் செய்தி வந்தால் நீ என்ன சொல்வாய் என்று எனக்கு மனப்பாடம். "சாம்பியன் எண்டாலே பயந்தவன்தான் மச்சான். ஏறேக்க இருக்கிற தைரியம் ஏறினாப் பிறகு இருக்காது." நான் ஒவ்வொரு முறையும் சாம்பியன் பக்கத்துக்குப் பரிந்து பேசுவேன். அவனுக்கு என்ன கஷ்டமோ, உண்மையாகவே கை நோகுதோ என்னவோ என்பேன். "உனக்கேன் அவனில இவ்வளவு பட்சம்?" என்று நீ கேட்பாய். நான் வெற்றிலையை மடிப்பேன்.

இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நான் எப்படிச் சாம்பியன் ஆனேன் என்பது உனக்குத் தெரியும். துறைமுகத்தில் ஒல்லியானவர்களுக்குப் பஞ்சமில்லை. சங்கம் வருடாவருடம் வைக்கிற குத்துச்சண்டைப் போட்டியில் சின்னப் பாரங்களில் இருபது முப்பது பேர் மோதுவார்கள். மூடை நிறுக்கும் தராசில் ஏறினால் பாரம் கூடிய பிரிவுக்கு நின்றது மூன்றே பேர். ஒருவன் கன்டீன் சமையல்காரன், முதல் சுற்றிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். மற்றவனுக்குப் போதை இறங்கியிருக்கவில்லை. அப்படித்தான் கோப்பை என் கைக்கு வந்தது. வந்த பிறகு நடையே மாறிவிட்டது. வீடுகள் நெருங்கிக் கிடக்கிற எங்கள் தோட்டத்துப் பொதுப் பைப்பில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் வாளியை இழுத்து இடம் விடுவார்கள். "சாம்பியன் வாறார், விடுங்கடி." படிக்காத சுமைகாரனுக்கு வேறு எங்கே கிடைக்கும் அந்த மரியாதை?

அடுத்த வருடம் நீ சரக்கு வைக்கிற எங்கள் கிட்டங்கிக்கு வேலைக்கு வந்தாய். முகத்துவாரத்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, வலை இழுத்த தோள். தேத்தண்ணிக்கு நிற்கும்போது பின்னால் வந்து, "எப்பிடிச் சாம்பியன்?" என்று என் இடது புஜத்தில் விளையாட்டாக ஒன்று குத்தினாய். உனக்கு ஞாபகம் இருந்திராது. என் கை மரத்துப்போனது. தேத்தண்ணிக் கோப்பை விழப் பார்த்தது. வலது கைக்கு மாற்றிக்கொண்டு சிரித்தேன். அன்று மத்தியானம் வரை அந்த இடது கையால் கொக்கியைத் தூக்க முடியவில்லை. யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் அறிந்தேன்: இவன் விளையாட்டு இது. உண்மை எப்படி இருக்கும்?

அந்த வருடமே நீ போட்டிக்குப் பெயர் கொடுத்தாய்.

உன் நேர்த்திக்கடன் எனக்கு அப்போது தெரியாது. பின்னால்தான் மற்றவர்கள் சொன்னார்கள். ஒரு தவக்காலத்து வெள்ளிக்கிழமை கோபத்தில் உன் தம்பியை அடித்து, அவனுக்கு ஒரு காது கேட்காமல் போனதாம். அன்றிலிருந்து விபூதிப் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிறு வரை யார்மேலும் கை நீட்டுவதில்லை என்று மாதாவுக்குச் சொல்லிவிட்டாயாம். கிட்டங்கி முழுக்க இது ஒரு பகிடி. மற்ற மாதங்களில் உன் நிழலை மிதிக்கப் பயந்தவர்கள், அந்த நாற்பது நாளும் உன் தொப்பியைத் தட்டிவிட்டு ஓடுவார்கள். "நாப்பது நாளைக்குப் புலி சைவம்!" நீ தொப்பியை எடுத்துத் தூசு தட்டிப் போட்டுக்கொள்வாய்.

போட்டிக்கு நாள் குறிக்கும் முறையும் உனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தாய். சங்கத்துச் செயலாளராக இருந்த கிளாக்கர்தான் நாள் வைக்கிறார் என்று எல்லோரும் நம்பினீர்கள். அறிவித்தலில் அவர் கையொப்பம்தானே இருக்கும். ஆனால் அவர் மூன்று சனிக்கிழமைகளைச் சொல்லி, "சாம்பியன் நீதான், உனக்கு எது வசதி?" என்று என்னிடம்தான் கேட்பார். முதல் வருடம் நான் ஒன்றும் அறியாமல் நடு நாளைச் சொன்னேன். அது தவக்காலத்தில் விழுந்தது. நீ வரவில்லை. மேடையில் தனியாக நின்ற என் கையைத் தூக்கினார்கள். எத்தனையோ நாள் பட்டினிக்குப் பிறகு சோறு கண்டவன் மாதிரி இருந்தது எனக்கு.

இரண்டாம் வருடம் அறிந்தேதான் செய்தேன்.

நான் இந்து. உங்கள் பெருநாள்கள் வருடத்துக்கு வருடம் நகர்பவை. கலண்டரைப் பார்க்க எனக்கு எழுத்துத் தெரியாது. வேறு யாரிடமாவது கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். தவக்காலத்தில் உங்கள் ஆட்கள் இறைச்சி வாங்குவதில்லை, ஆகவே சந்தியில் பன்றி இறைச்சி விற்பவனிடம் போனேன். "முதலாளி, இந்த வருசம் எப்ப இருந்து யாவாரம் படுக்கும்?" அவன் ஒரு பெருமூச்சோடு தேதியையும் சொன்னான், மறுபடி எப்போது எழும்பும் என்றும் சொன்னான். அந்த இரண்டு தேதிகளையும் விரலில் மடித்துக்கொண்டு நேரே கிளாக்கரிடம் போனேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "இந்த நாள்தானா?" என்றார். "ஓம் ஐயா." எழுதிக்கொண்டார். அவர் படித்தவர். அவருக்கு விளங்கியிருக்கும்.

சாம்பியன்கள் பலமான எதிரியைத் தவிர்க்கிறார்களா என்று பேப்பர்காரன் கேட்கிறான். இறைச்சிக் கடையில் போய்க் கேட்கச் சொல்.

மூன்றாம் வருடமும் அதையே செய்தேன். ஆனால் அந்த வருடம் நீ வந்துவிட்டாய்.

சனிக்கிழமை பின்னேரம். கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த வெளியில் கட்டிய மேடை. உன் பெயரைக் கூப்பிட்டதும் எதிர் மூலையில் நீ கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறாய். நான் என் மூலைக் கயிற்றை விடவில்லை. நடுவர் எங்களை நடுவில் நிறுத்தியபோது, "நேர்த்தி?" என்று மட்டும் கேட்டேன்.

"பாதரிட்டக் கேட்டனான். மேடையில நிக்கிறது பாவமில்லையாம். கை நீட்டினாத்தான் பாவமாம். கோழை எண்டு இனி ஒருத்தனும் சொல்லக் கூடாது."

முதல் சுற்று முழுக்க நான் ஓடினேன். நீ அடிக்கப்போவதில்லை என்று உன் வாயாலேயே கேட்டும் ஓடினேன். உன் தோள் கொஞ்சம் அசைந்தால் நான் கயிறு வரை பின்வாங்கினேன். அடிக்காத மனிதனைக் கண்டு ஓடுகிற சாம்பியனை அந்தக் கூட்டம் அதற்கு முன் பார்த்ததில்லை. "பயவெலாத சாம்பியன்?" என்று சிங்களத்தில் கத்தினார்கள். பயந்துவிட்டாயா என்று கேட்பது எந்த மொழியிலும் விளங்கும்.

இரண்டாம் சுற்றில் வெட்கம் தாங்காமல் அடித்தேன். இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு நீ நின்றாய். மூக்கில் இரத்தம் வந்தது. மாட்டு வண்டிச் சில்லைக் குத்துவது மாதிரி இருந்தது. மூன்றாம் சுற்றில் களைத்துப் போய் உன்மேல் சாய்ந்தேன். நீ என்னைத் தள்ளவில்லை. என் காதுக்குள் மெல்லச் சொன்னாய்.

"அடி சாம்பியன், அடி. இன்னும் பதினஞ்சு நாள்தானே."

நடுவர் என் கையைத் தூக்கினார். கோப்பையைத் தந்தார்கள்.

அந்தப் பதினைந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கண்டால் தலையசைத்தாய், அவ்வளவுதான். மற்றவர்கள்தான் எண்ணினார்கள். மூடையோடு குறுக்கே போகிறவன் "சாம்பியன், ஒம்பது!" என்பான். திரும்பி வரும்போது "எட்டரை!" என்பான். காலையில் எழும்பியதும் வாந்தி வரும். "என்னங்க, எனக்கு வரவேண்டியது உங்களுக்கு வருது?" என்று என் மனைவி சிரித்தாள். அவளிடமும் சொல்லவில்லை.

உயிர்த்த ஞாயிறு போய்த் திங்கட்கிழமை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நீ எங்கள் தோட்டத்து ஒழுங்கைக்குள் வருவதை நான் பைப்படியில் இருந்து கண்டேன். கையில் ஒரு பொட்டலம் இருந்தது. மனைவியிடம் ஓடி, "நான் ஹெந்தளைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன்னு சொல்லு" என்றேன். பிறகு பொதுக் கக்கூசுக்குள் போய்க் கொண்டி போட்டேன். துறைமுகத்துச் சாம்பியன், ஒரு மணித்தியாலம், ஈக்களோடு. வெளியில் கிழவி ஒருத்தி கதவைத் தட்டித் தட்டி ஏசினாள். மூச்சு விடாமல் நின்றேன்.

"அவர் ஹெந்தளைக்குப் போயிட்டாருங்க" என்று மனைவி சொன்னது கேட்டது.

"அப்பிடியோ. நான் வந்தனான் எண்டு சொல்லுங்கோ அக்கா."

பொட்டலத்துக்குள் கேக் இருந்தது. நீ அடிக்க வந்தாயா, பெருநாளுக்குப் பலகாரம் கொண்டு வந்தாயா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அடுத்த நாளே தோள் விலகிவிட்டது என்று சொல்லிப் பட்டத்தை விட்டுக்கொடுத்தேன். பாரம் கூடிய பிரிவுக்கு வேறு ஆள் இல்லாமல் நீயும் ஒரு குத்துக்கூடக் குத்தாமல் சாம்பியன் ஆனாய். பிறகு ஆளில்லை என்று அந்தப் பிரிவையே நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்களை ஒரே குழுவில் போட்டார்கள். ஒரு பெட்டியின் இரண்டு முனையையும் வருடக்கணக்காகத் தூக்குகிறவர்கள் எதிரிகளாக இருக்க முடியாது. நீ என் பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாய். நான் உன் தாயின் சவப்பெட்டியைத் தூக்கினேன். ஆனால் நீ கவனித்தாயோ தெரியாது, ஒரு உயிர்த்த திங்களுக்காவது நான் வீட்டில் இருந்ததில்லை. பேலியகொடைக்கு மீன் வாங்கப் போவேன். மீன் வேண்டாத வருடம் ஹெந்தளையில் தங்கச்சி வீடு. ஒரு முறை காய்ச்சலோடு போய் அங்கே படுத்துக் கிடந்தேன்.

உன் கைக்குப் பயந்தது ஒரு பயம். அது காலத்தோடு பழகிப்போனது. மற்றது, நான் செய்தது உனக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம், பழகவில்லை.

பென்சன் எடுத்த பிறகு ஒருநாள் பஸ்தரிப்பில் நாம் நின்றபோது கிளாக்கர் வந்தார். வயது போய், குடையை ஊன்றிக்கொண்டு. "எப்பிடி ரெண்டு பேரும் சுகமா?" என்றார். நீ முகத்தைத் திருப்பிக் காறித் துப்பினாய். "மூண்டு வருசமும் நாள் பாத்து வைச்ச மனிசன். என்ர ஆண்டவரைக் காட்டி என்னை ஏமாத்தினவன்." அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஒரு சொல் போதும் அவருக்கு. என் பெயரைச் சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. "அப்ப வாறன்" என்று நடந்தார், அவருடைய பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. நான் வெற்றிலையை மென்றுகொண்டு நின்றேன். அவர் செத்தபோது நீ போகவில்லை. நான் மருந்து எடுக்கப் போவதாக உனக்குச் சொல்லிவிட்டுப் போய் அவர் காலடியில் நின்றேன்.

போன வருடத் தைப்பொங்கல் கழிந்து உன்னை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். உன் வலது கை விரிப்பின் மேல் கிடந்தது, நரம்பும் எலும்புமாக. ஒரு கோப்பையைத் தூக்கவும் தாதி வரவேண்டும். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சாம்பியன், பயமோ?"

"இல்ல மச்சான்."

"உண்மையா அடிபட்டிருந்தா ஆர் வெண்டிருப்பான்?"

"நீதான்."

"பொய்" என்று சிரித்தாய். இருமல் வந்தது. தாதி வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். நான் எவ்வளவு வேகமாக எழுந்தேன் தெரியுமா? அதற்குப் பிறகு உன்னைப் பெட்டியில்தான் பார்த்தேன்.

ஆகவே இப்போது எழுதுகிறேன். நாள் வைத்தது கிளாக்கர் அல்ல. நான். மூன்றில் இரண்டு முறை அறிந்து வைத்தேன். நீ உன் ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை எடுத்து நான் கேடயமாகப் பிடித்தேன். நீ அந்த மனிதன்மேல் துப்பியது எனக்குரியது.

எழுதிவிட்டேன். இந்த ஒரு பந்திக்கு இரண்டு நாள் எடுத்தது. 'கேடயம்' என்று எழுதத் தெரியாமல் டீச்சரிடம் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என் கையெழுத்தில் ஒரு உண்மை கிடப்பதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "யாருக்கு இந்தக் கடுதாசி?"

"முகத்துவாரத்தானுக்கு."

"அங்க தபால்காரன் போக மாட்டானே." போகத் திரும்பினவள், "அன்னைக்கு அந்த மனுசன் கேக் கொண்டாந்தப்ப நீங்க கக்கூஸுல இருந்தது அவருக்குத் தெரியும்ங்க. போறப்ப அந்தக் கதவைப் பாத்துக்கிட்டுத்தான் போனாரு" என்றாள். இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறாள்.

அப்போதே இதை மடித்து வைத்துவிட நினைத்தேன். ஆனால் இன்று வகுப்பு முடியும்போது டீச்சர் சொன்னார், "அடுத்த கிழமை வகுப்பு இல்லை, பெரிய வெள்ளி வருது, ஞாயிறு பெருநாள்." நான் வீட்டுக்கு வந்து விரல் மடித்து எண்ணினேன். இறைச்சிக் கடைக்காரனிடம் கேட்கத் தேவையில்லை, இப்போது கலண்டரை நானே வாசிப்பேன். வருடத்தில் எத்தனையோ நாள் இருக்க, இந்தக் கடிதத்தைத் தவக்காலத்துக்குள்தான் எழுதி முடித்திருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாக நாள் பார்த்திருக்கிறது. நீ எங்கே இருந்தாலும் நேர்த்தியை மீறமாட்டாய் என்று அதற்குத் தெரியும்.

இது கணக்கில் சேராது மச்சான். அடுத்த கிழமை பெருநாள் கழிந்து, திங்கட்கிழமை காலையில், இதையே முதலிலிருந்து மறுபடி எழுதுகிறேன். ஹெந்தளைக்குப் போகமாட்டேன் என்று தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். வாசல் கதவைத் திறந்துவைத்து, அதற்கு நேரே மேசையைப் போட்டு, உட்கார்ந்து எழுதுவேன். அன்றைக்கு நேர்த்தி முடிந்து உன் கை இரண்டும் கட்டவிழ்ந்திருக்கும்.